ஒற்றைப்பனையாக நின்ற டெல்பின்

“இன்னைக்கு கோயில் மணி கிடைக்கலன்னா எங்கப்பா ஊரவிட்டே போயிருவாரு, டெல்பின்!” வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே சொன்னாள் ரெக்ஸ்லின்.

சிப்பித்துறையில் டெல்பினைத் தெரியாதவர் கிடையாது. நினைத்த உருவத்துக்கு மாறிவிடுவாள். பூனையாவாள், நாரையாவாள், ஒருமுறை பள்ளிக்கூட நாற்காலியாகி வாத்தியாரையே சுமந்தாள்! ஒரே ஒரு குறை. சிரித்தால் மறுபடி டெல்பினாகிவிடுவாள். அவளோ காற்றடித்தாலே சிரிக்கிற ரகம்.

போன மாதப் புயலில், மாதா கோயிலுக்குப் புது மணி ஏற்றி வந்த ரெக்ஸ்லினின் அப்பா பிளாசியுசின் வள்ளம் கவிழ்ந்தது. நீந்திக் கரையேறிய மனிதரை, மணியை விற்றுத் தின்றுவிட்டார் என்றது ஊர். அன்றிலிருந்து அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

மூழ்கிய இடம் அவருக்குத் தெரியும். கடலில் அங்கிருந்து பார்த்தால், கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் கலங்கரை விளக்கம் தெரிய வேண்டும். அதே நேரத்தில் உப்புக் கிடங்கின் கூரைக்கு நேர் மேலே மணல்மேட்டு ஒற்றைப்பனையும் தெரிய வேண்டும். ஆனால் பனையை அதே புயல் வேரோடு சாய்த்துவிட்டதே! டெல்பின் மூன்று நாள் சுறாவாகிக் கடலைச் சல்லடை போட்டுத் தேடியும் பலனில்லை.

“இன்னைக்கும் சுறாதான?” என்று குதித்தாள் டெல்பின்.

“இல்லட்டி. நீ பனையா நில்லு. நானும் அப்பாவும் முங்கி எடுக்கோம்.”

“சும்மா நிக்கணுமா? நானா?”

வள்ளத்தருகே நின்ற பிளாசியுசின் முகத்தைப் பார்த்தாள். மணல்மேட்டுக்கு ஓடினாள். பழைய பனையின் குழியில் கால் பதித்தாள். சரசரவென்று வளர்ந்தாள்!

வள்ளம் சின்னதாகிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்தா பனையேறி தவசி வர வேண்டும்!

“ஆத்தாடி! சாஞ்ச பனை தானா எந்திரிச்சிருக்கு! பாளை விட்டிருக்கான்னு பாப்போம்.”

காலில் நார்த்தளையை மாட்டிக்கொண்டு ஏறவும் தொடங்கிவிட்டார். ஐயோ, கூச்சம்! டெல்பினின் ஓலையெல்லாம் நடுங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்கு வெளியிலேயே நின்று கும்பிடும் பிளாசியுசை நினைத்தாள். சிரிப்பு தொண்டையிலேயே அடங்கியது.

டாங்!

கடலிலிருந்து வந்தது அந்தச் சத்தம். வள்ளத்தின் ஓரத்தில் மணி தொங்க, ரெக்ஸ்லின் துடுப்பால் அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். டெல்பின் விழுந்து விழுந்து சிரித்தாள். கண் இமைப்பதற்குள், தவசி காற்றைக் கட்டிப்பிடித்தபடி மணலில் உட்கார்ந்திருந்தார்.

“நீதானா பிள்ள! சொல்லியிருக்கலாம்ல?”

“மரம் பேசுமா மாமா?”

சாயங்காலம் மணி கோபுரம் ஏறியது. ஆள் மாற்றி ஆள் டெல்பினின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எது ரொம்பக் கஷ்டமான உருவம் என்று கேட்டார் பங்குச் சாமியார்.

“நின்ன இடத்துல நிக்கதுதான், சாமி!”

வெளியே நின்ற பிளாசியுசை ரெக்ஸ்லின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். பழி சொன்னவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். சாமியார் மணிக்கயிற்றை அவர் கையில் கொடுத்தார். பிளாசியுஸ் ஒரு முறை இழுத்தார், இரண்டு முறை இழுத்தார், அப்புறம் விடவேயில்லை.

அன்று பூசை அரை மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.