அவசரமில்லாத ஊர்

அம்சவேணி காலைப் பணியில் கடற்கரைச் சாலையில் உலாவிக்கொண்டிருந்தாள். உலாவுவதுதான் அவளுக்கு வேலை. காற்று வாங்க வேண்டும், காபிக் கடையில் உட்கார்ந்து அரட்டை அடிக்க வேண்டும், அலுத்தால் மறுபடி உலாவ வேண்டும். கேட்பவர்களுக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். பொழுது முழுக்க ஓய்வாக இருப்பவளைப் போல இருந்து பார்த்தால்தான் அந்த அலுப்பு தெரியும்.

நீள்கரை சின்னத் தலைநகரம். கடல் விழுங்கியது போக மிஞ்சிய ஊரை நடந்தே சுற்றிவிடலாம். சட்டசபைக்குப் பக்கத்திலேயே மீன் கடை. அமைச்சர்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பேரம் பேசுவார். அக்கரைப் பெருநகரங்களில் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறவர்கள் விடுமுறைக்கு இங்கே வந்து, அவசரமில்லாத மனிதர்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். ஊர் பிழைப்பதே அதில்தான். ஆகவே எல்லோர் கணுக்காலிலும் நடைமானி என்ற சென்சார் வளையம் மாட்டியிருந்தார்கள். வேகமாக நடந்தால் அது அதிரும். ஓடினால் ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்கள்.

அவள் கணவன் தணிகைவேலுக்கு இந்தக் கூத்து சலித்துவிட்டது. குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதோடு அவனுடைய தொடர்பு எண்ணும் போயிற்று.

"மதியப் படகுல கிளம்புறேன். உனக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் போட்டிருக்கேன். நீ வரலைன்னா அதுதான் உன் முடிவுன்னு நினைச்சுக்குறேன். அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மதியம் நெருங்க, காபிக் கடையில் எதிரே காபி ஆறிக்கொண்டிருந்தபோது அவள் முடிவு செய்தாள். அவனோடு போய்விடுவது. அவனில்லாமல் இந்த ஊரில் யாருக்காகச் சிரிப்பது?

எழுந்து துறைமுகத்தை நோக்கி நடந்தாள். படகின் சங்கு ஊதியது. நடையை எட்டிப் போட்டாள், உடனே வளையம் அதிர்ந்தது. பயந்துபோய் நடையைக் குறைத்தாள். வழியில் ஒரு சுற்றுலாக் குடும்பம் கூட நின்று படம் எடுக்க வேண்டும் என்றது. நின்றாள், சிரித்தாள்.

துறைக்கு வந்து சேர்ந்தபோது படகு கரையை விட்டு விலகிவிட்டிருந்தது.

துறைக் காவலன் ரெமிஜியுஸ் அவளைப் பார்த்துப் பதறினான். "என்னக்கா, ஓடி வந்திருக்கக் கூடாதா? அண்ணன் கேட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. அவருக்காகக் கயித்தக்கூட லேட்டாத்தான் அவுத்துவிட்டேன்."

"ஓடினா ஊரைவிட்டு அனுப்பிடுவாங்களே, ரெமி."

ரெமி அவளை விழித்துப் பார்த்தான். "ஊரைவிட்டுப் போறதுக்குத்தானே அக்கா வந்தீங்க?"

அவளுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படகின் பின்பக்கத்தில் தணிகைவேலின் நீலச் சட்டை இன்னும் தெரிந்தது. படகுத்துறையின் முனைவரை ஓடினால் கையையாவது ஆட்டலாம், கத்தலாம். உயிரைக் கொடுத்து ஓட வேண்டும் என்றுதான் புறப்பட்டாள்.

வளையம் அதிரவேயில்லை. அத்தனை வருடப் பழக்கம், கால்கள் நிதானமாகவே போயின. தூரத்திலிருந்து அவன் பார்த்திருந்தால், வழியனுப்ப வந்தவள் அப்படியே காற்று வாங்குகிறாள் என்றுதான் நினைத்திருப்பான்.