சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய தண்ணீர்

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ரைலியின் கை நின்றது. வடகோடிக் குளிர்காலம். பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் சன்னலுக்கு வெளியே ஏரியும் வானமும் எப்போதோ இருண்டுவிட்டன. மைனஸ் முப்பத்தாறு டிகிரிக் குளிரில் மரச்சுவர்கள் அவ்வப்போது வேட்டுப்போட்டதுபோல் வெடித்து அடங்கின. அந்தச் சத்தங்களுக்கு நடுவே, ஒரு குழாயிலிருந்து தகரத் தொட்டியில் நூல்போல நீர் விழும் ஒலி விடாமல் கேட்டது.

இந்த மாதிரிக் குளிரில் எல்லா வீட்டிலும் குழாயை அப்படித்தான் லேசாகத் திறந்துவிடுவார்கள். ஓடும் தண்ணீர் சீக்கிரம் உறையாது. ரைலியும் திறந்துவிட்டிருந்தாள். ஆனால் அந்தப் பக்கம் அவள் அக்கா ஹில்காவின் பாதி வீடு. போன பிப்ரவரியிலிருந்து அங்கே ஆளில்லை. தண்ணீரும் இல்லை.

தண்ணீரை நிறுத்தியவள் ரைலிதான். அப்பா வீட்டை இரண்டாகப் பிரித்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. கிணற்றுக் குழாய் ரைலியின் தரைக்கு அடியில் வந்து, அங்கிருந்துதான் அக்கா பக்கம் பிரிந்தது. ஹில்கா தன் வாசல் பனியை இவள் வாசலில் தள்ளிவிட்ட ஒரு காலையில், ரைலி கீழே இறங்கி அந்த வால்வை அடைத்தாள். குழாய் உறைந்துவிட்டது என்று ஹில்காவின் மகனிடம் சொன்னாள். எழுபத்தொரு வயது ஹில்கா ஒன்பது நாள் ஏரிப் பனிக்கட்டியில் துளை போட்டு வாளியில் தண்ணீர் சுமந்தாள். பத்தாம் நாள் துளைக்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்தாள்.

இப்போது ரைலியின் குழாயில் நூல் மெலிந்தது. சொட்டாயிற்று. நின்றது. அந்தப் பக்கம் மட்டும் ஓடியது.

ஓலு நகரத்தில் இருந்த அக்கா மகனுக்குப் போன் செய்தாள்.

"யோர்மா, உங்கம்மா வீட்டுச் சாவிய யாருக்காச்சும் குடுத்தியா?"

"எங்கிட்டதான் இருக்கு. ஏன் சித்தி, அந்தப் பாதியும் வேணுமா?"

"அங்க தண்ணி ஓடுதுடா."

"உறைஞ்சுபோச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? அம்மா சாவுக்கு எட்டிப் பாக்கல. இப்பக் குழாய்ச் சத்தத்துக்குப் போன் பண்றீங்க." வைத்துவிட்டான்.

ரைலி தரைப் பலகையைத் தூக்கினாள். ஒரு கையில் டார்ச், மறு கையில் தலைமுடி காயவைக்கும் கருவி. உறைந்த குழாயை அதன் சூட்டில்தான் இளக்குவாள். கீழே உறைந்த மண்ணும் பழைய எலிப் புழுக்கையும் நாறின. நிமிர முடியாத உயரம். முழங்காலில் தவழ்ந்து வால்வை அடைந்து, டார்ச்சைத் தரையில் வைத்து, கருவியை ஓடவிட்டாள். வால்வு அவள் அடைத்தபடியேதான் இருந்தது. அதற்கு இரு பக்கமும் குழாய் முழுக்க வெள்ளையாய் உறைபனி படிந்து, அப்பால் அக்கா பக்க இருட்டுக்குள் போனது.

உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம்.

தன் பக்கக் குழாய் எங்கே உறைந்திருக்கிறது என்று தொட்டுப் பார்க்கக் கையுறையைக் கழற்றினாள். கிழங்கு ஈரம் காயாத கை. வால்வுக்கு இந்தப் பக்கம் குழாயைப் பிடித்ததும் உள்ளங்கை உலோகத்தோடு ஒட்டிக்கொண்டது.

இழுத்தாள். தோல் கிழிந்தது. கை வரவில்லை. பதற்றத்தில் கருவி நழுவி எட்டாத தூரத்தில் விழுந்து, வெறும் மண்ணில் சூட்டை ஊதிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பார்த்தாள். அக்கா பக்க இருட்டின் விளிம்பில், குழாயின் உறைபனி ஓரிடத்தில் உருகியது. நான்கு விரல். ஒரு கட்டைவிரல். யாரோ குழாயை இறுகப் பற்றியதுபோல.

அதற்கு ஒரு முழம் இந்தப் பக்கம் இன்னொரு பிடி.

"ஹில்கா..." இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர். "அக்கா, தொறந்துடுறேன். இந்தா, தொறந்துட்டேன் பாரு." இடது கையால் வால்வைத் திருகினாள். முழுசாக.

ஓடிய சத்தம் நின்றது.

இன்னொரு பிடி. வால்வுக்கு அந்தப் பக்கம்.

இன்னொன்று. இந்தப் பக்கம்.

கருவியின் இரைச்சலுக்கு மேல் மூச்சுச் சத்தம் ஒன்று கேட்டது. அது ரைலியுடையது அல்ல. அவள் மூச்சை அடக்கியிருந்தாள்.

ஒட்டிக்கிடந்த அவள் கைக்குப் பக்கத்தில் உறைபனி மெல்லப் பிளந்தது. முதலில் சுண்டுவிரல். பிறகு அடுத்த விரல். பிறகு அடுத்தது.