இரண்டாவது கிலோமீட்டரில் நின்ற அம்மா

என் அம்மா தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறார். எரிகிற வீட்டுக்குள்ளும் தயங்காமல் நுழைவார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம்.

பயிற்சியாளர் வேறு ஊரில் இருக்கிறார். அம்மாவை நேரில் பார்த்ததே இல்லை. அம்மாவின் கைக்கடிகாரம் வேகம், இதயத்துடிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பிவிடும். நான் ஒளித்துச் சாப்பிடுவதையும் சேர்த்து அனுப்பாதவரை எனக்குக் கவலையில்லை.

புதன்கிழமை அவர் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"தினமும் ரெண்டாவது கிலோமீட்டர்ல உங்க இதயத்துடிப்பு நூத்தித் தொண்ணூறுக்குப் போகுதும்மா. அப்போ நீங்க ஓடக்கூட இல்ல, சும்மா நிக்கிறீங்க! வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா பந்தயம் வேண்டாம்."

"கடிகாரம் பழசு சார்" என்றார் அம்மா.

கடிகாரம் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை! அம்மாவுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையோ?

அவருடைய போனை எடுத்துப் பார்த்தேன். இதயத்துடிப்புக் கோடு தினமும், அம்மா ஓடும் வழியில் இருக்கும் தையல் கடை முனையில்தான் எகிறியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமர்த்தாக இருந்தது. ஞாயிறு தையல் கடைக்கு விடுமுறை.

மறுநாள் காலை சைக்கிளில் பின்னாலேயே போனேன். கடை முனையில் அம்மா மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே ஒரு நாய்க்குட்டி. என் பள்ளிக்கூடப் பையைவிடச் சின்னது.

"அது வாலாட்டுதும்மா!"

"வாலை விடு. வாய் என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்?"

"சார்கிட்ட சொல்லிடலாம்மா."

"ஐயையோ! எங்க ஸ்டேஷன்ல நாலு பேருக்கு அவர்தான் பயிற்சி குடுக்கிறாரு. தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்!"

பள்ளி விட்டதும் தையல்காரரிடம் போனேன். குட்டி அவருடையது; விடியற்காலையிலேயே கடையைத் திறந்து அதை வெளியே விட்டுவிடுவார்.

"மாமா, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மட்டும் குட்டியை உள்ள வெச்சுக்குறீங்களா?"

"ஏன், யாருக்குப் பயம்?"

"எனக்குத்தான்."

அவர் என் மடியைப் பார்த்தார். நாய்க்குட்டி அங்கே மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"தெரியுது, தெரியுது" என்று சிரித்தார். ஆனாலும் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை கோடு ஓரிடத்திலும் எகிறவில்லை. மாலையில் பயிற்சியாளர் அழைத்தார்.

"இன்னைக்கு எல்லாம் சரியா இருக்கு. ஆனா காரணம் தெரியாம அனுப்ப மாட்டேன்மா."

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அது அம்மாவின் ரகசியம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லிடும்மா" என்று காதில் கெஞ்சினேன்.

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நாய் சார். சின்னக் குட்டி. எனக்குப் பயம். இன்னைக்கு அது வெளியே இல்ல."



"எனக்குப் பல்லிம்மா" என்றார் பயிற்சியாளர் மெதுவாக. "பார்த்தா இருநூறைத் தாண்டிடும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஞாயிற்றுக்கிழமை நல்லா ஓடுங்க."

அம்மா முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியர் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டபோது குரலே வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று, பதிலும் தெரியவில்லை.