எட்டாவது கையெழுத்து

மை காயவில்லை.

நேற்று சாயங்காலம், அசர் தொழுகைப் பாங்குக்கு முன்னால் போட்ட கையெழுத்து. இன்று சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. தேவிபட்டினத்து வெயிலில் மாடியில் விரித்த நெத்திலியே ஒரே பகலில் மொறுமொறுவென்று ஆகிவிடும். இந்த வெள்ளி நிற மை மட்டும் போட்டோவின் மேல் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. மாஷிதா சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டியது. மற்ற ஏழு கையெழுத்தும் எப்போதோ காய்ந்து போயிருந்தன.

'கோமதி இல்லம்' சீரியல் குடும்பத்தின் போட்டோ அது. சீரியல் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த அதே பிரேம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலில் திதி கொடுக்கிற காட்சி எடுக்க வந்தவர்கள் கிளம்பும்போது இதை வேன் ஓரமாகத் தூக்கிப் போட்டார்கள். கண்ணாடி உடைந்திருந்தது. "எடுத்துக்கங்கக்கா. மருமக பழைய ஆளு இதுல, இனிமே ஆகாது" என்றார் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர். மாஷிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைத்தாச்சியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மருமகள் மீனாட்சியாக நடித்தவள் நூற்றி இருபதாவது எபிசோடோடு காணாமல் போயிருந்தாள். மறுநாள் வேறொருத்தி காபி டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்தாள். திரைக்கு அடியில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து ஓடியது, அவ்வளவுதான். மாமியாரும் புருஷனும் பழையபடி பேசினார்கள். மகனாக நடித்த குழந்தை மட்டும், அவளை அம்மா என்று கூப்பிடுவதற்கு முன்னால் அரைச் சிமிட்டு நேரம் தயங்கியது. மாஷிதா மகளைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். "ஆள் மாறுனது கூடவா தெரியாது ஒரு வீட்டுக்கு? நல்ல குடும்பம்டி சுஹா!"

அதன்பிறகு கையெழுத்து வேட்டைதான். மாமனார் நடிகரை லாட்ஜ் வாசலில் பிடித்தாள். மாமியாரை ராமநாதபுரத்து நகைக்கடைத் திறப்பு விழாவில், கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டுப் பிடித்தாள். மிச்சப் பேருக்கு மகளையும் இழுத்துக்கொண்டு இரண்டு தடவை மெட்ராஸுக்கு ரயிலேறினாள். ஒவ்வொருவரும் தத்தம் உருவத்துக்குக் கீழே போட்டார்கள். பழைய மீனாட்சி மட்டும் பாக்கி. ஒரு மேக்கப்காரரைக் கெஞ்சி நம்பர் வாங்கிப் பேசியபோது, "நான் அவ இல்லம்மா. எங்க வீட்டுலயே என்னை நான்னு ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அந்த எடத்தைச் சும்மா விட்டுடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள் அவள். ரொம்பத்தான் பவுசு என்று மாஷிதா திட்டினாள்.

சும்மா விட முடியவில்லை. அந்தக் காலி இடம் கண்ணை உறுத்தியது. நேற்று மார்க்கரை எடுத்துத் தானே போட்டுவிட்டாள். மீனாட்சி என்று எழுதத்தான் நினைத்தாள். கைப்பழக்கத்தில் மாஷிதா என்று வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சுஹாவுக்கு அழுகை முட்டியது. "மூணு நாளாக் கேக்குறேன், ரேங்க் கார்டுல போட மாட்டேங்குற. இதுக்கு மட்டும் போடுற." நாளைக்குப் போடுறேன் போடி என்று விரட்டினாள்.

விரல் மையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. குழாயை மூடியதும் வீடு அமைதியானது. இந்தக் கடலுக்கு அலைச் சத்தமும் கிடையாது. கருவாட்டு வீச்சத்துக்கும் பாசி நாற்றத்துக்கும் நடுவே புதிதாக ஒரு வாசனை, மேக்கப் மாவும் வேர்வையும் கலந்து, நடிகர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்தபோது அடித்த அதே வாசனை, சமையலறைப் பக்கமிருந்து வந்தது. கூடவே வளையல் சத்தம். போய்ப் பார்த்தாள். யாருமில்லை. ஆனால் அவள் இன்னும் ஏற்றாத அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

சவூதியில் இருக்கும் புருஷன் ஷாகிரிடம் சொல்லலாம் என்று போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். திறக்கவில்லை. முக்காட்டை விலக்கிப் பிடித்தாள். முகம் பொருந்தவில்லை என்றது. கண்ணாடியில் பார்த்தாள். அதே முகம்தான், அதே மூக்குத்தித் தழும்புதான். நம்பரைப் போட்டுத் திறந்தாள். ஷாகிரோடு வீடியோ கால், பன்னிரண்டு நிமிஷம், சற்று முன். அவள் பேசவேயில்லை. கீழே அவன் அனுப்பியிருந்தான்: 'மாஷா அல்லாஹ், இன்னைக்கு ஒம் முகம் நல்லாத் தெளிவா இருக்கு புள்ள.'

திரும்பக் கூப்பிட்டாள். அவள் முகம் தெரிந்ததும் அவன் கட் பண்ணினான்.

வாசலில் செருப்புச் சத்தம். இரண்டு மணி மறுஒளிபரப்புக்குத் தினமும் வரும் பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி. மாஷிதா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"மாஷிதா இல்லையாம்மா? நீங்க சொந்தமா?"

"லாத்தா, வெளையாடாதீக. எனக்குப் பயமா இருக்கு."

ரம்ஜான் பீவி கையை மெல்ல உருவிக்கொண்டாள். தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "அவ வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லிருங்க."

யா அல்லாஹ். சுஹா. சனிக்கிழமை அரைநாள்தான், பள்ளிக்கூட வேன் வரும் நேரம். ஊர் உலகம் மறக்கட்டும், புருஷன்கூட மறக்கட்டும். பத்து மாசம் சுமந்தது மறக்குமா? அவள் ஒருத்தி உம்மா என்று கூப்பிட்டால் போதும். மாஷிதா செருப்பில்லாமல் முக்குவரை ஓடினாள். தார் ரோடு காலைச் சுட்டது.

வேன் வந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள். சுஹா இறங்கவில்லை.

"சுஹாவா? அவுக உம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து கூட்டிட்டுப் போயிட்டாகளே" என்றார் டிரைவர்.

"நான்தான்ணே அவ உம்மா!"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி ஓடினாள். பூட்டாமல் வந்த கதவு. ஒருக்களித்திருந்தது. உள்ளே டிவி. சீரியல் பாட்டு. அந்த வாசனை. கூடத்துச் சுவரில் போட்டோ. அவள் மாட்டவில்லை. கண்ணாடி போட்டிருந்தது, புதுசு.

பாயில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மாஷிதாவின் பச்சை நைட்டி. மாஷிதாவின் வளையல். எங்கேயும் பார்த்திராத முகம். சோற்றை உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். எதிரே சுஹா, யூனிபார்மோடு. மடியில் ரேங்க் கார்டு. அதில் கையெழுத்து. மாஷிதா என்று, அதே சுழியோடு.

அது காய்ந்திருந்தது.

"சுஹா..."

சுஹா நிமிர்ந்தாள். வாயில் சோறு. கண்ணுக்குக் கண் பார்த்தாள். அரைச் சிமிட்டு நேரம்.

தெரிகிறது. பிள்ளைக்குத் தெரிகிறது.

சுஹா ரேங்க் கார்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு சோற்றை விழுங்கிவிட்டுத் திரும்பினாள்.

"உம்மா, வாசல்ல யாரோ வந்திருக்காங்க."

"வாங்க. யாரு வேணும்?" என்றாள் பாயில் இருந்தவள், மரியாதையாக. சுஹா அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.