எட்டு வீட்டு ரஹ்மத்

மாலை நான்கு மணிக்கு ரஹ்மத் சுவரில் வந்து அமர்வாள். இறந்து பதினோரு மாதங்கள் ஆகின்றன. அவள் விட்டுச்சென்ற குரலும் முகமும் விண்ணிலிருந்து அலைகளாக இறங்கும். அவள் கணவர் ஷர்புதீன் வீட்டு நிழல்வாங்கி அவற்றைப் பிடித்துத் திறக்கும். திறக்கும் சாவி, அதில் செருகியிருந்த நகம் அளவு அட்டையில் இருந்தது. அவர் பேசப் பேச அட்டை அவரைப் படித்துக்கொள்ளும். மறுநாள் அவள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வருவாள்.

அடுக்ககத்தின் மற்ற ஏழு வீடுகளும் தங்களுக்கும் அவள் வேண்டும் என்று கேட்டன. இருந்த காலத்தில் எந்தக் கதவையும் தட்டாமல் நுழைந்தவள் அல்லவா!

நாலாம் வீட்டுப் பெனிட்டா ஒரு பகிர்வியைக் கொண்டுவந்து அட்டையை அதற்கு மாற்றினாள். இனி எட்டு நிழல்வாங்கிகளும் அதனிடம் சாவி கேட்கும்.

"வீட்டுக்கு ஒரு பேரு போடணும் பாய்."

"எதுக்கும்மா? எல்லாத்துக்கும் எம் பேரையே போடு. அவ என்னிக்கு வீடு பிரிச்சுப் பாத்தா?"

"அப்புறம் ஆறாம் வீட்டு லூர்து அண்ணனையும் உங்களையும் ஒரே ஆளுன்னு அட்டை நெனச்சுக்கும்."

"நெனச்சுக்கட்டும். அவன் குறட்டைய மட்டும் எந்தலையில கட்டாம இருந்தா சரி."

பெனிட்டா சிரித்தபடி எட்டு இடங்களிலும் 'ஷர்புதீன்' என்று அடித்தாள்.

அன்று முதல் நான்கு மணிக்கு எட்டு ஜன்னல்களிலிருந்தும் ஒரே குரல் கசிந்தது. படிக்கட்டில் நின்றால் மழைக்குள் நிற்பதுபோல் இருக்கும்.

பத்தாம் நாள் ரஹ்மத் அவரிடம் கேட்டாள்: "நம்ம கீர்த்திக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

கீர்த்தி இரண்டாம் வீட்டுக் குழந்தை. அவர் சிரித்துக்கொண்டார். மறுவாரம், நிக்காஹ் அன்று பெய்த மழையைப் பற்றிப் பேசினார். அவள் யாருடைய கதையையோ கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் பெனிட்டாவிடம் ஓடினார். "மத்தவங்களப் பிரிச்சு விட்டுரும்மா."

"பிரிக்கிறேன் பாய். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்ச ஷர்புதீன் இப்ப எட்டுப் பேரும் கலந்த ஆளு. அதுல உங்கள மட்டும் தனியா எடுக்கத் தெரியல எனக்கு."

"பரவால்ல. நான் வந்து நின்னாப் போதும். கண்டுபிடிச்சுருவா."

ஏழு ஜன்னல்கள் அமைதியாயின. நான்கு மணிக்கு ரஹ்மத் வந்தாள். அவரை வெகுநேரம் பார்த்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"உக்காருங்கண்ணே," என்றாள். "அவரு இப்ப வந்துருவாரு."