முப்பது டைல்ஸ் தூரம்

கால்குலஸ் இரண்டாம் பருவத் தாளை அவள் மூன்றாவது முறையாக எடுத்திருந்தாள். பல்கலைக்கழக விதிப்படி ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான். கூடப் படித்தவர்கள் எல்லாம் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்டார்கள். இப்போது உடன் உட்காரும் பொடிசுகள் அவளை ‘அரியர் அக்கா’ என்று கூப்பிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தாள்.

அவளுக்காகப் பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு சைக்கிள் கடையில் உட்கார்ந்தவன் அவள் அண்ணன். பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடமெல்லாம் “என் தங்கச்சி இன்ஜினியர்” என்று இப்போதே சொல்லிக்கொண்டிருந்தான்.

விடுமுறையில் மறுவகுப்பு வைத்தார்கள். செவ்வாய்தோறும் மதியம் இரண்டு மணிக்கு, ஆறு வகுப்புகள். ஏழாம் செவ்வாய் அதே அறையில் பரீட்சை. ஒரு வகுப்புக்கு மேல் மட்டம் போட்டால் பரீட்சை எழுத முடியாது.

அறை கீழ்த்தளத்தில் இருந்தது. நீளமான அறை, ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே ஈரச் சுவரின் வாசமும் சாக்பீஸ் தூசியும்தான். ஒன்பது பேருக்கும் முன்பக்கமே இடம் போதுமாக இருந்தது. பின்னால் அறை காலியாகக் கிடந்தது. கடைசிச் சுவரை ஒட்டி, எழுதுபலகை வைத்த பழைய மர நாற்காலி ஒன்று மட்டும்.

பாடம் புரியாதபோது தரையின் டைல்ஸை எண்ணுவது அவள் பழக்கம். ஒவ்வொன்றும் சரியாக ஓர் அடி. அவளுக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவே முப்பது.

சார் கோட்டு முழுக்க வெள்ளைத் தூசியோடு கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது, பின்னால் மரக்கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது. கிறீச்.

யாரும் திரும்பவில்லை.

வகுப்பு முடிந்து எண்ணினாள். பதினெட்டு. இடையில் பன்னிரண்டு டைல்ஸ் காணாமல் போயிருந்தன. எவனோ குறும்புக்கு நகர்த்தியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் பின்னால் ஒருவரும் போகவில்லை, அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். சார் எழுதிக் காட்டியதைக் குறித்துக்கொள்ள ஒரு நிமிஷம் குனிந்தாள். கிறீச். மிச்சம் பன்னிரண்டு.

பெருக்க வந்த துப்புரவு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். “அம்மா, அந்த நாற்காலிய யாராவது நகத்துறாங்களா?”

துடைப்பம் நின்றது. “உனக்குக் கேக்குதா?”

“என்னது?”

“எத்தனையாவது தடவம்மா நீ எழுதுறே?”

“மூணாவது.”

அந்த அம்மா வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “அந்த நாற்காலில உக்காந்த பையனுக்கும் மூணாவதுதான். ஒத்தக் கேள்வி பாக்கி. மணி அடிச்சுது, எல்லாரும் போயிட்டாங்க, அவன் எந்திரிக்கல. நான்தான் தோளத் தொட்டேன். சில்லுன்னு இருந்தான். பேப்பர்ல நிக்கும்னு எழுதி அடிச்சு, நிக்காதுன்னு எழுதி அடிச்சு, மறுபடி நிக்கும்... கிழியுற வரைக்கும் அடிச்சிருந்தான்.”

“எது நிக்கும்?”

“எனக்கென்ன தெரியும்? நான் காலேஜு படிச்சவளா? நாற்காலிய ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டினேன். மறுநாள் காலைல இங்கதான் கெடக்குது. விட்ட குறை தொட்ட குறைம்மா. நீ தள்ளியே உக்காரு.”

மூன்றாம் செவ்வாய் அவள் போகவில்லை. காய்ச்சல் என்று போர்த்திப் படுத்தவள், சுவரைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டாள். முதலில் பன்னிரண்டு, பிறகு ஆறு. பாதி. அடுத்து மூன்று, அதன் பிறகு ஒன்றரை, பாதியில் பாதி. இப்படிக் குறையும் தொடரின் கூட்டுத்தொகை இருபத்து நான்கைத் தாண்டவே தாண்டாது, எத்தனை ஆயிரம் செவ்வாய் வந்தாலும். முப்பதில் இருபத்து நான்கு போனால் ஆறு டைல்ஸ் எப்போதும் மிச்சம். எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். இரண்டு வருஷமாக அவளை அழவைத்த பாடம் முதல்முறையாகக் கை கொடுத்திருந்தது.

நான்காம் செவ்வாய் தைரியமாகப் போய் உட்கார்ந்தாள். பின்னால் திரும்பக்கூட இல்லை. ஆறு டைல்ஸுக்குள் வராதது வந்தாலென்ன, போனாலென்ன.

அன்றைக்கு சார் பலகையில் ஒரு தொடர் எழுதினார். ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று.

“அடியெல்லாம் சின்னதாகிக்கிட்டே போகுது. அப்ப இது ஒரு இடத்துல நின்னுடும்தானே?”

“ஆமா சார்” என்றன பொடிசுகள்.

“இதையே எழுதி எழுதித்தான் வருஷா வருஷம் என் சிவப்பு மையைத் தீக்குறீங்க. நிக்காது. மூணுல ஒன்னையும் நாலுல ஒன்னையும் கூட்டு, அரைக்கு மேல வரும். அடுத்த நாலையும் கூட்டு, மறுபடி அரைக்கு மேல. அடுத்த எட்டு, மறுபடி அரை. அரை அரையா சேந்துக்கிட்டே இருந்தா எந்தச் சுவரு தாங்கும்? அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும். அடி எவ்வளவு சின்னதுங்கிறது பேச்சே இல்ல.”

முதல் இரண்டு முறையும் அவள் கோட்டை விட்டது இதே இடத்தில்தான். இப்போது புரிந்தது. பளிச்சென்று புரிந்தது.

கிறீச்.

வகுப்பு முடிந்தபின் திரும்பி எண்ணினாள்.

ஐந்து.

மறுபடி எண்ணினாள். ஐந்துதான்.

பன்னிரண்டிலிருந்து ஐந்து. இரண்டு வாரத்தில் ஏழு டைல்ஸ். அப்படியென்றால் நான்கும் மூன்றும். பன்னிரண்டு, பன்னிரண்டில் பாதி, அதே பன்னிரண்டில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. பலகையில் அழிக்காமல் கிடந்த தொடரேதான். முதல் இரண்டு அடியை மட்டும் பார்த்துவிட்டுப் பாதி பாதி என்று முடிவு கட்டியிருந்தாள். நோட்டின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். ஆறாம் செவ்வாய் முடிவில் அரை டைலுக்குச் சற்று மேல் மிச்சம் இருக்கும். ஏழாவதில் ஒன்றும் இருக்காது.

ஏழாவது பரீட்சை.

ஐந்தாம் வாரம் வேறு மூலையில் போய் உட்கார்ந்து பார்த்தாள். வகுப்பு முடிந்தபோது நாற்காலி அந்த மூலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இடம் மாறியும் கணக்கு மாறவில்லை, நடுவே இரண்டரை டைல்ஸ் சொச்சம். ஆறாம் வாரம் சார் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பிடரியில் ஈரச் சுவரின் வாசம் அடித்தது.

பரீட்சைக்கு முதல் நாள் அண்ணன் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தான். “பயப்படாத பாப்பா. மூணு தடவை விழுந்தாத்தான் சைக்கிளே வரும்.”

“அண்ணா, நான் எழுதலைன்னா?”

அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. “எழுதிட்டு வா. அப்புறம் என்ன வேணா பேசிக்கலாம்.”

எழுதப் போனாள்.

ஏழு கேள்விகள் தட்டுத்தடுமாறிப் போயின. எட்டாவது கேள்வியைப் படித்ததும் பேனா நின்றுவிட்டது. அதே தொடர். நிற்குமா, நிற்காதா, நிரூபி. இருபது மதிப்பெண். அது வந்தால் பாஸ், வராவிட்டால் அண்ணனின் கடை.

பதில் அவளுக்கு மனப்பாடம். நிற்காது என்று தொடங்கி மூன்று வரி எழுதினாள்.

கிறீச்.

அவள் நாற்காலியின் முதுகில் மரம் மெதுவாக வந்து இடித்தது.

யாரும் நிமிரவில்லை. சார் தூரத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாக்பீஸ் தூசி படிந்த குளிர்ந்த மூச்சு ஒன்று அவள் தோள் வழியாகத் தாளைப் படித்தது. வரி வரியாகப் படித்தது. அவள் எழுத எழுத, அது இன்னும் குனிந்தது.

“நிக்குமா?”

காதுக்குள் கேட்டது. அதட்டல் இல்லை, கெஞ்சல். அதுதான் அவளை உடைத்துப் போட்டது.

அண்ணனை நினைத்தாள். பிடரியில் ஏதோ தொட்டது. விரல் நுனி மாதிரி ஏதோ. அண்ணன் மனதிலிருந்து போய்விட்டான்.

மூன்று வரிகளையும் அடித்தாள். கீழே பெரிதாக எழுதினாள்: நிற்கும். அடிகள் சிறிதாகிக்கொண்டே போவதால் நின்றுவிடும்.

மூச்சு விலகியது. வாசம் போயிற்று. மணி அடிக்கும்வரை சத்தமே இல்லை. எழுந்து திரும்பியபோது காலி நாற்காலி அவள் நாற்காலியை ஒட்டி நின்றது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாளே முடிவு வந்தது. பதினோரு மதிப்பெண்ணில் போயிற்று. அண்ணன் முடிவைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த ஸ்பேனரை வெகுநேரம் துடைத்தான். “விடு. கடைலயும் எனக்கு ஒரு கை வேணும்தான்” என்றான். அன்று முழுக்க அவன் வாடிக்கையாளர் யாரிடமும் தங்கச்சியைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் உள்ளூர ஒரே ஆறுதல்: அது நின்றுவிட்டது. படிப்பைக் கொடுத்து அதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த செவ்வாய், எட்டாவது. வெளியே நல்ல வெயில். அவள் குந்தி உட்கார்ந்து ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் இரண்டைக் காட்டியது.

கிறீச்.

“இந்த ஸ்டூலை யாரு இங்க இழுத்துப் போட்டது?” என்றான் அண்ணன். “நீயா பாப்பா?”

வாடிக்கையாளர் உட்காரும் மர ஸ்டூல் கதவோரத்திலிருந்து கடைக்குள் வந்திருந்தது. சிமென்ட் தரையில் அதன் கால்கள் கிழித்த புதுக் கோடுகள். அவள் ஈரக் கையோடு இரும்பு ஸ்கேலை எடுத்து ஒரு கோட்டை அளந்தாள்.

ஒன்றரை அடி.

பன்னிரண்டை எட்டால் வகுத்தால் ஒன்றரை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அவள் நிற்கும் என்று எழுதியதற்காக எது நிற்கும்?

ட்யூபின் ரப்பர் வாசத்தை மீறிச் சாக்பீஸ் தூசி வாசம் எழுந்தது. காதருகே அதே கெஞ்சல். “நிக்குமா?”

“நிக்காது” என்றாள் அவள். சரியான பதில். மதிப்பெண் போட அங்கே யாரும் இல்லை.

“யார்கிட்ட பேசுற?” என்றான் அண்ணன்.

தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அவள் விட்டுவிட்டிருந்தாள். ஆனாலும் யாரோ அமுக்கிப் பிடித்திருப்பதுபோல் அது அடியிலேயே கிடந்தது. அதிலிருந்து குமிழிகள் வந்துகொண்டிருந்தன, ஒன்றைவிட ஒன்று சிறியதாக.