கால் வைக்காமல் ஓடிய கார்

இப்பத்தைச் சனத்துக்கு ஒன்றிலும் உடம்பு வளையக் கூடாது. தண்ணி இறைக்க ஒரு சுவிட்ச், மா அரைக்க ஒரு சுவிட்ச், செத்த வீட்டில் தேவாரம் பாடவும் ஒரு பெட்டி. இப்போது காரும் கால் வைக்காமல் ஓடவேணுமாம். அப்படி ஓடிய ஒரு கார்தான் சின்னராசாவைக் கொன்றது.

முறிகண்டி தாண்டி மாங்குளம் போகிற வழியில், கண்டி வீதிக் கரையில், பஸ் நிற்கிற கொட்டிலுக்குள் இருந்தேன். பின்னேரம். தார் கொதித்தது. மழை பெய்து மாதக்கணக்கு. எங்கள் அடுத்த வீட்டு வளவுச் சின்னராசா சைக்கிளில் புல்லுக் கட்டி, என் பக்கக் கரையால் உருட்டிக்கொண்டு வந்தான். மற்றப் பக்கத்தால் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் கடகடவென்று மாங்குளம் பக்கம் போனது. அதை முந்த வந்த வெள்ளைக் கார் எங்கள் கரைக்கு ஏறியது. திரும்ப உள்ளே போகவில்லை. வந்த வேகத்திலேயே சின்னராசாவை அடித்து, பாலை மரத்தில் மோதி நின்றது.

நான் போய்ச் சேர முதல் இரண்டு ஆம்பிளைகள் காரை விட்டு இறங்கிவிட்டார்கள். ஒருவன் வீரையா, பூவரசங்குளத்து வாடகைக் கார் றைவர். சின்னராசாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தான். பார்த்ததுமே தெரிந்தது, சீவன் போய்விட்டது. மற்றவன் ஜெயந்தன், கனடாக்காரன், அக்கராயனில் தகப்பனின் வயலைப் பார்க்க வந்தவன். அவன் போனில் கதைத்துக்கொண்டு நின்றான். பின் சீற்றில் அவனுடைய தாய் ஜெகதீஸ்வரி, கண்ணை மூடியபடி.

எஞ்சின் நின்றுவிட்டது. வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியில் கறக் கறக்கென்று போய் வந்தது. பிணத்துக்குப் பக்கத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. கையை உள்ளே விட்டு, எஞ்சின் போடுகிற திறப்பைத் திருப்பினேன். நின்றது.

பொலிஸ் வந்தது. காரை ஓடினவர் வீரையாதான், நித்திரையாகிப் போனார் என்றான் ஜெயந்தன். இல்லை, முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஏறும்போது இந்தத் தம்பிதான் திறப்பை வாங்கினார் என்றான் வீரையா. வாடகைக் கார் என்றால் ஓடுகிறவன் றைவர்தானே. வீரையாவைத்தான் ஜீப்பில் ஏற்றினார்கள்.

அடுத்த நாள் காலை எஸ்.ஐ. கஜனி எல்லாரையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தாள். முப்பது வயது மதிக்கலாம், சிரிக்காத முகம். கண்ட சாட்சி என்று எனக்கும் ஆள் அனுப்பினாள். பொலிசை நான் நம்புகிறவன் இல்லை. என்றாலும் போனேன். வீரையாவின் பெண்சாதி சிவலட்சுமி விடியற்காலை பஸ்ஸில் வந்து ரோட்டோரத்தில் குந்தியிருந்தாள். புருசனை மறியலில் அடைத்துவிடுவார்களா என்று வந்தவன் போனவனையெல்லாம் கேட்டாள்.

கஜனி குனிந்து குனிந்து தாரைப் பார்த்தாள். ரயர் இழுபட்ட அடையாளம் ஒன்றும் இல்லை.

"பிரேக் பிடிபடேல்லை."

"நித்திரை கொள்ளுறவர் எப்பிடிப் பிடிப்பார்?" என்றான் ஜெயந்தன்.

கார் வந்த வேகம் எப்படி என்று என்னிடம் கேட்டாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, கயிறு கட்டி இழுத்தது மாதிரி ஒரே சீராக வந்தது என்றேன். அவள் ஸ்டியரிங்கில் இருந்த ஒரு பொத்தானைக் காட்டினாள். குறூஸ் என்று பெயராம். வேகத்தைக் குறித்து அமத்திவிட்டால் காலை எடுத்தாலும் கார் அதே வேகத்தில் போகுமாம். பிரேக்கில் கால் பட்டால் விட்டுவிடுமாம்.

"ஆர் போட்டது?"

"வீரையாதான். எனக்குப் போட்டுக் காட்டினவர்," என்றான் ஜெயந்தன்.

"அம்மாளாச்சி அறிய, நான் அதைத் தொடுறதேயில்லை, மிஸ்," என்றான் வீரையா. "இந்த ரோட்டில மாடு படுத்துக் கிடக்கும்."

இவன் சொல்வதை அவன் மறுத்தான், அவன் சொல்வதை இவன் மறுத்தான். கஜனி தாயைக் கேட்டாள். தான் நித்திரை என்றாள் ஜெகதீஸ்வரி, மகனின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு.

கஜனி என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, காரில எதையும் தொட்டனீங்களோ?"

என்னையும் வழக்கில் கொழுவப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறைக்கவும் மனம் வரவில்லை. வைப்பர் கத்திக்கொண்டு கிடந்தது, நிப்பாட்டினேன் என்றேன்.

"நேற்று மழையோ?"

"ஆர் சொன்னது மழையெண்டு? குளமே வெடிச்சுப்போய்க் கிடக்கு."

காருக்குள் குனிந்து, போட்டபடியே கிடந்த வைப்பர்ச் சுவிட்சை நிப்பாட்டிவிட்டு நிமிர்ந்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "ஜெயந்தன், முன் லைட்டுகள் உடைஞ்சிட்டுதோ எண்டு பாக்கோணும். ஒருக்கா ஏறி வலப்பக்கச் சிக்னலைப் போடுங்கோ." திறப்பைக் கொடுத்துவிட்டுக் காரின் முன்னுக்குப் போய் நின்றாள்.

அவன் ஏறினான். திறப்பைத் திருப்பினான். இடக்கையால் தட்டினான்.

வைப்பர் கறக்கென்று எழும்பியது.

அவன் கை அப்படியே நின்றது. கஜனி கதவடிக்கு வந்தாள்.

"கனடாவில சிக்னல் இடக்கையில. எங்கட ஜப்பான் கார்களில வலக்கையில. இடக்கையில வைப்பர். வருசக்கணக்கா இந்தக் காரை ஓடுற வீரையாவுக்குக் கை பிழைக்குமோ? நேற்று லாண்ட்மாஸ்டரை முந்தேக்க நீங்கள் சிக்னலைத் தேடினீங்கள். வைப்பர் ஓடத் தொடங்கிச்சு. அதை நிப்பாட்டக் குனிஞ்சீங்கள். கால் வச்சு ஓடுற கார் எண்டால் பதகளிப்பில கால் தளர்ந்து கொஞ்சமெண்டாலும் வேகம் குறைஞ்சிருக்கும். இது குறையேல்லை. உங்கட கால் எங்க இருந்தது?"

ஜீப்பில் சாய்ந்து நின்ற தாய்தான் சொன்னாள்.

"மடிச்சு சீற்றில வச்சிருந்தவன், பிள்ளை. காலைக் கீழ விடடா எண்டு நான் சொன்னனான்."

சொல்லிவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். மகன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான். சிவலட்சுமி எழும்பி வந்து புருசனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயந்தனை ஜீப்பில் ஏற்றிய பிறகு கஜனி எனக்கு விளக்கம் சொல்ல வந்தாள். அந்தப் பொத்தானில் பிழையில்லையாம். சனம் இல்லாத, காய்ந்த, நேரான பெரிய ரோட்டுக்கு என்று செய்ததாம். மழையில் கூடாது, முந்தும்போது கூடாது, கால் எப்போதும் பிரேக் பக்கத்தில் இருக்கவேணும், கண் ரோட்டில் இருக்கவேணும். மாடும் சைக்கிளும் லாண்ட்மாஸ்டரும் போகிற இந்த ரோட்டில் அதைத் தொடவே கூடாதாம். முறையாகப் பாவித்தால் கால் உளையாத நல்ல சாமானாம்.

"வீரையா தப்பினது உங்களாலதான், ஐயா. இந்தச் சாவில அவரிட்டப் பிழை இல்லை."

வீரையா கும்பிடக் கையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"திறப்பை ஆர் குடுத்தது?" என்று கேட்டேன்.

கை பாதியில் நின்றது. "தம்பி ஒரே கரைச்சல், ஏரம்பண்ணை. தகப்பன் சைக்கிள் ஓடின ரோட்டில ஒருக்கா ஓடிப் பாக்கோணுமாம்."

"நீ மாட்டன் எண்டு சொல்லியிருந்தால்?"

அவன் சிவலட்சுமியைப் பார்த்தான். அவள் தாரைப் பார்த்தாள்.

கஜனி பின்னால் நின்று சட்டம் வேறு, இது வேறு என்று சொல்லத் தொடங்கினாள். என் வாக்குமூலத்துக்குக் கையெழுத்து வேணும் என்றாள். நாளைக்கு வாறன் என்றேன். சின்னராசாவின் செத்த வீட்டுப் பந்தலில் சனம் இருக்க இன்னும் கதிரை ஏற்றவில்லை. துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அவள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் நின்றாள். சொல்லட்டும். பொத்தானிலும் பிழையில்லையாம், வீரையாவிலும் பிழையில்லையாம். நான் நம்பவில்லை.